கொளச்சலுக்கு எதிரே நின்ற படகு

அந்தப் படகில் ஆறு பேர் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம் என்று அத்தான் என்னிடம் சொன்னார். கொழும்புத் துறைமுகத்தில், படகின் பின்தளத்தில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். பெருமைக்காக அவர் அதைச் சொல்லவில்லை. அக்காவைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று என்னை நம்பவைக்கச் சொன்னார். நானும் நம்பினேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அருமனைப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் இருந்தன. அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் அம்மாதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். அக்காவுக்குச் சிறுவயதில் ஒரு காய்ச்சல் வந்தது. முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி, ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்தாள். பிறகு எழுந்து நடந்தாள், ஓடினாள், வேதக்கோயில் பாடகர் குழுவில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். அந்தக் காய்ச்சல் அவள் நெஞ்சுக்குள் ஒரு கோளாறை விட்டுவிட்டுப் போனது எங்கள் யாருக்கும் தெரியாது.

அத்தானுக்குக் குழித்துறை. சிறுவயதிலேயே கொழும்புக்குப் போய், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கோழி என்று சாமான் கொடுக்கும் வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். கலியாணம் முடிந்து அக்காவை அங்கே கூட்டிப் போனார். இரண்டாவது வருடம் அவள் கர்ப்பமானாள். ஏழாம் மாதத்தில் மூச்சுத்திணறல் வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. அக்கா பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினால் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவாள் என்று கேள்விப்பட்டோம். பிறகு கால் வீங்குகிறது என்று கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு, தங்கச்சியை அனுப்பிவைக்க முடியுமா என்று அத்தானிடமிருந்து ஆள் வந்தது. நான் அப்போது குழித்துறைக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு, இலங்கைக்குப் போகிறவர்களை நோய்ச் சோதனைக்கு நிறுத்திவைக்கும் மண்டபத்து முகாமில் தங்கி, கப்பலேறிக் கொழும்புக்குப் போனேன்.

அக்கா ஒரு கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சின்ன மேசை, அதன்மேல் இரண்டு தலையணை. அவற்றின்மேல் கைகளை மடக்கி வைத்து முன்னால் சாய்ந்திருந்தாள். முகம் மெலிந்து, பாதங்கள் மட்டும் வேறு யாருடையவோ போலப் பருத்திருந்தன.

"ஏட்டி, வந்தியா?" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்கினாள்.

அவளால் படுக்க முடியாது. படுத்தால் தண்ணீருக்குள் அமுங்குவதுபோல் இருக்கிறதாம். பல வாரங்களாக இரவும் பகலும் அந்த நாற்காலிதான். நான் வந்த முதல்நாளே சொல்லிவிட்டாள்: "எனக்கு அம்மைக்க கிட்ட போணும் மக்கா. வேற ஒண்ணும் வேண்டாம்."

ரயிலில் ஏறி, கப்பல் மாறி, மறுபடி ரயில், அதற்கு மேல் பஸ் என்று அந்தப் பயணத்தை அவள் தாங்கமாட்டாள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால்தான் அத்தான் என்னைப் படகைப் பார்க்கக் கூட்டிப்போனார்.

அது ஓர் ஆங்கிலேயத் தோட்டத்துரையின் உல்லாசப் படகு. மோட்டாரில் ஓடுவது. ரப்பர் விலை விழுந்து, அவர் பங்களாவை மூடிவிட்டுச் சீமைக்குத் திரும்பியபோது அத்தான் அதை வாங்கினார். உறவுக்காரர்கள் எல்லாம் இவனுக்கு என்ன பைத்தியமா என்றார்கள். துரை அந்தப் படகில் உல்லாசப் பயணம் போகும்போதெல்லாம் காய்கறிக் கூடைகளைக் கொண்டுபோய் இறக்கியவர் அத்தான். சமையலறை வாசலுக்கு அப்பால் அவரை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை. "கடல்காத்து ஒனக்க அக்காளுக்கு நல்லதுன்னு நெனச்சேன்" என்று என்னிடம் சொன்னார். அது பாதிக் காரணம்தான் என்று எனக்குத் தோன்றியது. மீதிப் பாதியையும் நான் குற்றமாக நினைக்கவில்லை.

வெள்ளை வெளேரென்று நீண்டு கிடந்தது படகு. பின்தளம் முழுவதும் தேக்குப் பலகை, மேலே துணிப்பந்தல், கீழே பிரம்பு நாற்காலிகள். அங்கிருந்து கண்ணாடிக் கதவைத் திறந்தால் படிகளே இல்லாமல் நேராகப் பெரிய கூடம். அத்தான் அதை 'சலூன்' என்றார். இரண்டு பக்கமும் அகலமான ஜன்னல்கள். ஒரு மூலையில் சுவரோடு சேர்த்து வளைத்துப் போட்ட தோல் இருக்கையும் அதற்கு முன்னால் தரையோடு திருகி வைத்த சாப்பாட்டு மேசையும் இருந்தன. படகு ஆடும்போது தட்டுகள் நழுவாமலிருக்க மேசைக்கு விரலளவு உயரத்தில் ஒரு விளிம்பு. புத்தக அலமாரிக்குக் குறுக்கே பித்தளைக் கம்பி. தரையில் சிவப்புக் கம்பளம். கூடத்துக்கு முன்னால் சில படி ஏறினால் சுக்கான் பிடிக்கும் அறை. அங்கிருந்து ஏணி வழியாக மேல்தளம் போனால் வெயில் காய நாற்காலிகளும், கயிற்றில் தொங்கும் ஒரு சின்னத் தோணியும்.

படுக்கும் அறைகள் எல்லாம் கீழே. கூடத்தின் ஓரத்திலிருந்து ஒரு வளைந்த மரப்படி இறங்கியது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். படகின் பின்கோடியில் துரையின் அறை, படகின் அகலம் முழுவதற்கும். இருவர் படுக்கும் கட்டில், இரண்டு பக்கமும் விளக்கு, கண்ணாடி பதித்த அலங்கார மேசை, சுவருக்குள் மறைந்த அலமாரிகள், பக்கத்திலேயே பளிங்குபோல் வெள்ளையான குளியலறை. அத்தான் சுவருக்குப் புதுச் சாயம் அடித்து, அக்காவுக்குப் பிடித்த நீலநிறத் திரைகளைத் தைத்துப் போட்டிருந்தார். குழாயைத் திறந்து வெந்நீர் வருவதை எனக்குக் காட்டினார். அதற்கு அடுத்தாற்போல் விருந்தாளிகளுக்கு இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு கட்டில். அதில் ஒன்றில், மூலையில், சின்னக் கம்பித் தடுப்பு வைத்த ஒரு குட்டிப் படுக்கை. துரையின் பிள்ளைக்காகச் செய்தது. அத்தான் அந்த அறைக் கதவைத் திறந்தவுடனே சாத்திவிட்டார். நடுவில் எஞ்சின். முன்கோடியில் சமையலறையும் வேலைக்காரர்கள் தங்கும் இடமும்.

"இதை எடுத்துப் போடலாம்னு ஆசாரியக் கூப்பிட்டேன். ஒனக்க அக்கா வேண்டாம்னுட்டா" என்றார் படியேறும்போது. குட்டிப் படுக்கையைத்தான் சொன்னார்.

மாசி மாதத்தில் கடல் அமைதியாக இருந்த ஒரு நாள் காலையில் புறப்பட்டோம். படகு மரத்துறையை ஒட்டி நின்றதால் அக்கா பலகைமேல் நடந்தே ஏறினாள். கூடத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "சலூன்னு இவரு பறஞ்சப்போ, முடி வெட்டுத இடம்னுல்லா நெனச்சேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வளைந்த படியில் பக்கவாட்டாக இறங்கினார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். நீலத்திரையைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்து உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்லாருக்கு" என்றாள். அவருக்காக அந்தக் கட்டிலில் மெதுவாகச் சாய்ந்தாள். முதுகுக்கு நாலு தலையணை வைத்தோம். எண்ணெய் வாடை லேசாக இருந்தது. அவள் உதடு கறுக்கத் தொடங்கியது. கையால் காற்றைத் துழாவினாள். "மேல, மேல" என்றாள். மறுபடியும் அந்தப் படியில் ஏறினோம். அத்தானின் தோளில் அவள் தலை பின்னால் விழுந்து கிடந்தது.

மேலே வந்ததும் அவளே இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். வளைந்த இருக்கையின் மூலையில் உட்கார்ந்து, சாப்பாட்டு மேசைமேல் தலையணைகளைப் போட்டு, முன்னால் சாய்ந்தாள். மேசையின் விளிம்பு தலையணை நழுவாமல் பிடித்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்துவிட்டோம். மூச்சு சீராயிற்று.

"அந்த அறை நல்லாத்தான் இருக்கு. என்னால படுக்க முடியல்லயே, என்ன செய்ய?" என்றாள் அத்தானிடம்.

"ஒனக்கு எங்க சௌகரியமோ அங்க இரி" என்றார். அவர் கீழே போய் விளக்குகளை அணைத்துவிட்டு வந்தார்.

பகல் முழுவதும் படகு போனது. படகை ஓட்டிய ஸ்ராங்கு கொளச்சல்காரர், வயதானவர், அதிகம் பேசமாட்டார். எஞ்சினைப் பார்க்க ஒரு சிங்களப் பையன், சமையலுக்கு ஓர் ஆள். இருட்டியபின் அக்கா மேசைமேல் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள். அதே இருக்கையின் மறுகோடியில் நான் சுருண்டுகொண்டேன். அத்தான் கம்பளத்தின்மேல், அவள் காலடியில் படுத்தார். கீழே விரித்து வைத்த வெள்ளை விரிப்புகளோடு அத்தனை கட்டிலும் வெறுமையாகக் கிடந்தன. யாருக்கும் அங்கே போக மனமில்லை.

மறுநாள் முற்பகலில் மலைகள் தெரிந்தன. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அது நம்ம மலைதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் ஸ்ராங்கு. கொளச்சலுக்கு எதிரே, பாறைகளுக்கு இப்பால் நங்கூரம் போட்டார். கரை மிகப் பக்கத்தில் தெரிந்தது. மணலில் கிடந்த வள்ளங்களும் வலை உலர்த்துபவர்களும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆனால் படகு அதற்குமேல் போகமுடியாது. பெரிய கப்பல்களும் அங்கே அப்படித்தான் நிற்கும். ஆளோ சாமானோ வள்ளத்தில் இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டும். அத்தானுக்கு இது தெரியாதது அல்ல. கடல் அமைதியாக இருந்தால் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனாலும் வள்ளம் பக்கத்தில் வந்து நின்றபோது அது ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து எழுந்து தாழ்ந்தது.

படகின் பக்கவாட்டில் தொங்கவிட்ட ஏணியில் அக்காவால் இறங்க முடியாது. தோளில் போட்டு இறக்கினால் நெஞ்சு அமுங்கும். அதனால் பின்தளத்துப் பிரம்பு நாற்காலி ஒன்றில் அவளை உட்கார வைத்து, துணியால் கட்டி, மேல்தளத்துத் தோணியை இறக்கும் கயிற்றில் நாற்காலியை மாட்டினார்கள். நாற்காலி தளத்தைவிட்டு எழும்பி வெளியே நகர்ந்தது. கொஞ்சம் சுழன்றது. அக்கா கண்ணை இறுக மூடியிருந்தாள். கீழே வள்ளத்தில் நின்றவர்கள் கையை உயர்த்திக் காத்திருந்தார்கள். பாதி இறங்கும்போது ஓர் அலை வந்து படகைச் சாய்த்தது. நாற்காலி பக்கச்சுவரில் இடித்தது. அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வாயோரம் நுரை தெரிந்தது.

"தூக்கு, தூக்கு!" என்று அத்தான் கத்தினார். திரும்பவும் மேலே தூக்கி, அவிழ்த்து, அந்த மேசை மூலைக்கே கொண்டுபோனோம்.

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரை வள்ளத்தில் அழைத்துவந்தார்கள். ஊசி போட்டார். வெகுநேரம் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்தளத்துக்கு எங்களைக் கூப்பிட்டு, "இப்போது அசைக்கவேண்டாம். ஊசியில் கால்நீர் வடிகிறதா பார்ப்போம். வடிந்தால் இறக்கலாம்" என்றார். 

அம்மாவுக்கு ஆள் போயிற்று. மாட்டுவண்டியில் மறுநாள் காலையில் கொளச்சல் வந்து சேர்ந்தாள். எங்கள் அம்மா கடலைப் பார்த்திருக்கிறாள், அதில் கால் வைத்ததில்லை. ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளைச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, தலையில் ஒரு துணிமூட்டையோடு அவள் வள்ளத்தில் ஏறினாள். அலையில் வள்ளம் நிமிர்ந்தபோது இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக் குனிந்துகொண்டாள். படகுக்குப் பக்கத்தில் வந்ததும் ஸ்ராங்கு கை கொடுத்தார். அம்மா ஏணியில் ஒவ்வொரு படியாக, ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறிவந்தாள். நனைந்த காலோடு கூடத்து வாசலில் நின்று, கம்பளத்தைப் பார்த்து, அதை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்து வந்தாள்.

"எனக்க பொன்னு மோளே" என்றாள்.

"அம்மா, வந்தியளா. எனக்கு எறங்க முடியல்ல."

"நீ எறங்கண்டாம். நான் வந்தேன்லா."

அம்மா இருக்கையில் உட்காரவில்லை. மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அக்காவின் வீங்கிய பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மூட்டையில் குருணைக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். உப்புச் சேர்க்கக்கூடாது என்று நான் சொன்னேன். உப்பில்லாமலே ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். அக்கா வீட்டைப்பற்றிக் கேட்டாள். வடக்கு மூலைப் பலா இந்த வருடம் காய் பிடித்திருக்கிறதா, சிவப்புப் பசு ஈன்றதா, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்று. அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பசு கன்றோடு செத்துப்போயிருந்தது எனக்குத் தெரியும். நல்ல கிடாரி போட்டிருக்கு என்று அம்மா சொன்னாள்.

மதியத்துக்கு முன் அக்கா அத்தானைக் கூப்பிட்டு, "அம்மைக்கு எல்லா அறையும் காட்டிக் குடுங்க" என்றாள். அவர் தயங்கினார். அவள் மறுபடி சொன்னாள். அம்மா வேண்டாம் என்று சொல்லாமல் அவர் பின்னால் போனாள். நானும் போனேன். அத்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்தார். நீலத்திரை, வெந்நீர்க் குழாய், கண்ணாடி மேசை. என்னிடம் காட்டியபோது சொன்ன எதையும் இப்போது அவர் சொல்லவில்லை. குட்டிப் படுக்கை இருந்த அறையின் கதவையும் திறந்தார். அம்மா அந்தக் கம்பித் தடுப்பின்மேல் கையை வைத்துக் கொஞ்சநேரம் நின்றாள்.

பிறகு, யாரையும் குறைசொல்லும் குரலில் இல்லாமல், கேட்டாள்: "இத்தரயும் கட்டில் கெடக்கு. எனக்க மோளுக்குப் படுக்க ஒரு எடம் இல்லியே மக்கா?"

அத்தான் அவளுக்கு முன்னால் படியேறிப் பின்தளத்துக்குப் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. ஸ்ராங்கு அந்தப் பக்கம் வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

அன்று மாலையும் கால்நீர் வடியவில்லை. டாக்டர் வந்து இன்னொரு ஊசி போட்டார். இரவு அம்மா அக்காவின் பக்கத்திலேயே இருந்தாள். மறுநாள் காலை அக்கா தெளிவாக இருந்தாள். தலைமுடியைச் சீவிவிடச் சொன்னாள். அம்மா பின்னிவிட்டாள். என்னைப் பாடச் சொன்னாள். கோயிலில் நாங்கள் சேர்ந்து பாடும் ஒரு ஞானப்பாட்டை மெதுவாகப் பாடினேன். இரண்டாவது சரணத்தில் அவள் உதடு அசைந்தது. அத்தானைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவர் கையை இழுத்துத் தலையணைமேல் வைத்து, அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லாக் கொண்டாந்தீங்க. அம்மையப் பாத்தேன்லா" என்றாள்.

வெயில் ஏறியபின் தூங்குகிறாள் என்று நினைத்தோம். முதலில் கண்டது அம்மாதான். மடியில் இருந்த பாதம் குளிர்வதை அறிந்து, மேசைக்குக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் தன் கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு அவளை இறக்குவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. இதைச் சொல்ல இன்றும் எனக்கு வாய் கூசுகிறது. கீழே துரையின் அறையிலிருந்த மெத்தையை மேலே கொண்டுவந்து பின்தளத்தில் விரித்தார்கள். அக்காவை அதன்மேல் நீட்டிப் படுக்கவைத்தோம். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் மல்லாந்து படுத்திருந்தாள். மெத்தையோடு ஒரு பலகைமேல் கட்டி, நாலு கயிற்றில் நிதானமாக இறக்கினார்கள். வள்ளத்தில் நின்றவர்கள் தலைக்கட்டை அவிழ்த்துவிட்டு ஏந்திக்கொண்டார்கள். அம்மா ஏணியில் இறங்கி அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கரைக்குப் போகும்வரை கையைக் குடைபோல் வைத்து அவள் முகத்தில் வெயில் விழாமல் மறைத்துக்கொண்டே போனாள்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். மூன்றாம் நாள் அத்தான் தனியாகப் படகில் திரும்பிப் போனார். நான் கொளச்சல்வரை கூடப் போகவில்லை. அந்தப் படகை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் ரயிலிலும் பஸ்ஸிலுமாக வந்தார். படகை விற்றுவிட்டதாகச் சொன்னார். அப்போது சொந்தக்காரர்கள் கூடி, என்னை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். நான் கிணற்றடியில் நின்றபோது அவர் வந்து, கொஞ்சம் தள்ளி நின்று சொன்னார்: "ஒனக்க மொகத்தில அவளுக்க சாயல் உண்டு. அதனாலதான் எனக்கு முடியாதுன்னு சொல்லப்போறேன். ஒனக்குக் கொறச்சல்னு நெனைக்காத."

"எனக்கும் முடியாது அத்தான்" என்றேன். இருவருக்கும் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

பிறகு எனக்கு ஓர் ஆசிரியரோடு கலியாணம் ஆயிற்று. அத்தான் வேறு கலியாணம் செய்யவில்லை. வருடம் ஒருமுறை வருவார். கல்லறைக்குப் போய்விட்டு வந்து அம்மாவிடம் உட்கார்ந்திருப்பார். இருவரும் தேங்காய் விலையைப்பற்றி, மழையைப்பற்றிப் பேசுவார்கள். யுத்தம் தொடங்கியபின் அவர் வரவில்லை. கொழும்பிலேயே இறந்துபோனார் என்று பிறகு தெரிந்தது.

கொழும்பு வீட்டு நாற்காலியிலேயே இருந்திருந்தால் அக்கா இன்னும் சில மாதங்கள் உயிரோடு இருந்திருப்பாளோ என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். ஒருமுறை அம்மாவிடமே அதைக் கேட்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இருந்திருப்பா. நான் பாத்திருக்கமாட்டேன்" என்றாள்.